ஒரகடத்து ஆயாம்மாக்கள்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பெருவழியில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கிச் சுங்குவார்சத்திரம் வரையிலும், ஸ்ரீபெரும்புதூரில் பிரிந்து சிங்கப்பெருமாள்கோயிலை நோக்கிச் செல்லும் சாலையில் வல்லம், ஒரகடம் வரையிலும், ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த பூமி இன்று பல தேசத்துக் கம்பெனிகள் நெருங்கி நிற்கும் தொழிற் பிரதேசமாக மாறியிருப்பது எல்லோரும் அறிந்த செய்தி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலையும், 2012இல் டெய்ம்லரின் லாரி ஆலையும், அதற்கடுத்த ஆண்டில் ராயல் என்ஃபீல்டின் மோட்டார் சைக்கிள் ஆலையும் இயங்கலாயின. அந்த ஆலைகளைப் பற்றியும், அவற்றில் உழைப்போரின் ஊதியத்தையும் வேலைநிறுத்தங்களையும் பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். அதே சாலைகளின் ஓரத்தில், எந்த இயந்திரத்தின் துணையுமின்றி, மனித சரீரத்தையே இரு கைகளாலும் தாங்கிப் பிடித்து ஜீவனம் செய்யும் பெண்களைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பம். அவர்களுடைய வேலை எத்தகையது, அவர்களுடைய சொந்த வாழ்க்கை அந்த வேலையால் என்னவாகிறது என்பவற்றை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பை, வாலாஜாபாத் முதலிய ஊர்களின் கடைவீதிகளிலே சிறிய நர்சிங் ஹோம்களைக் காணலாம். நெடுஞ்சாலை விபத்தில் கால் முறிந்தவர், இயந்திரத்தில் விரல் நசுங்கிய வாலிபர், பிரசவத்துக்கு வந்த பெண், ஜுரத்தோடு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் வடநாட்டுத் தொழிலாளி ஆகியோர் நடுவே, பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலற்றுப் போன பெரியவர்களும், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிகளும் அங்கே படுத்திருப்பார்கள். ஊரைவிட்டுச் சற்று ஒதுங்கிப் போனால் முதியோர் இல்லங்கள். அவற்றுக்கும் அப்பால், ஏஜென்சி மூலம் ஆள் அமர்த்திக்கொண்ட வீடுகள். இந்த மூன்று இடங்களிலும் சீட்டு எழுதுவது டாக்டரின் காரியம். ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் நர்சின் காரியம். அவ்விரண்டும் நீங்கலாக, இயலாத ஒரு சரீரம் பகலும் இரவும் வேண்டி நிற்கும் அத்தனையும் ஆயாம்மாவின் காரியம். வாய் கொப்பளிக்க வைப்பது, உடம்பு துடைப்பது, பெட் பேன் வைத்து எடுப்பது, டயப்பர் மாற்றுவது, தலை வாரிப் பின்னிவிடுவது, குழைந்த சோற்றை ரசத்தில் கரைத்துப் புகட்டுவது, மூத்திரப் பையிலுள்ளதை அளந்து கொட்டுவது, பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று கேட்கும் பெரியவருக்குப் பதில் சொல்வது, மூச்சு நின்றபின் உடம்பைத் துடைத்து, தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிந்து, உறவினர் வந்து பார்க்கத் தக்கதாக வைப்பது என்று அந்தக் காரியம் நீள்கிறது.

யார் இந்தப் பெண்கள்? தொழிற்பேட்டையின் ஆள்சேர்ப்பு விளம்பரங்களைப் படிப்பவருக்கு விடையின் பாதி தெரிந்துவிடும். மின்னணுக் கருவிகள் செய்யும் ஆலைகள் பெரும்பாலும் தேடுவது பள்ளிப்படிப்பு முடித்த இளம் பெண்களை. திருவண்ணாமலை, விழுப்புரம் போன்ற மாவட்டங்களிலிருந்து அவர்கள் வந்து விடுதிகளில் தங்குகிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் திறந்த குடியிருப்பு ஒன்றே 18,720 பெண் தொழிலாளர்களுக்கு இடமளிக்கக் கூடியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு விரிவான கட்டுரையை வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. கம்பெனியோ தான் அவ்வாறு பாரபட்சம் காட்டுவதில்லை என்று மறுத்தது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவள், புருஷனை இழந்தவள், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், நாற்று நடவும் களையெடுப்பும் தெரிந்தவளாயினும் நடுவதற்கு வயல் இல்லாது போனவள் ஆகிய பெண்கள் இப்பிரதேசத்தில் எங்கே போவார்கள் என்று கேட்டால், கம்பெனியின் துப்புரவுக் கான்டிராக்டும், ஹோட்டல் சமையற்கட்டும், நர்சிங் ஹோமுமே அவர்களுக்குத் திறந்திருக்கும் கதவுகள் என்பதை அங்குள்ள யாரும் சொல்லுவார்கள். மூன்றில் மற்ற இரண்டைக் காட்டிலும் அதிகப் பொறுப்புள்ளது கடைசியாகச் சொன்னதே. அதற்கென்று அவளை யாரும் தயார்ப்படுத்துவதில்லை. முதல் நாள் காலையில் மூத்த ஆயாம்மா ஒருத்தியின் பின்னால் நின்று பார்க்கச் சொல்வார்கள், அடுத்த நாள் தனியாக நிற்கச் சொல்வார்கள்.

விருத்தாப்பியம் தமிழ்நாட்டுக்கு வேகமாக வந்துகொண்டிருக்கிறது. 2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் இந்தியா முழுவதும் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ 10.4 பேர். 2021க்கான மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் எண் 13.6 ஆக உயர்ந்தது; கேரளம் ஒன்றே இதற்கு முன்னால் நிற்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து, ஆயுள் நீண்டு, உள்ள பிள்ளைகளும் ஷிப்டு வேலைக்கோ அயல்நாட்டுக்கோ போய்விட்ட குடும்பங்களில், படுத்தவரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலே ஆள் இல்லை. இந்த நிலைமை வரப்போகிறது என்று முன்பே கண்டவர்கள் சிலர் உண்டு. 1978ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தால் எனக்கு வியப்பு உண்டாகிறது: சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது அவ்வாண்டிலே. சாவித்திரி வைத்தி அம்மையார் ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக விஸ்ராந்தி இல்லத்தை நிறுவியது அவ்வாண்டிலே. இந்தியாவில் ஹெல்ப்ஏஜ் சங்கம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். மருத்துவப் பிரிவு வளர்ந்து, 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு மேற்பட்டப் படிப்பு ஏற்பட்டது. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையமும் திறக்கப்பட்டது. டாக்டருக்குப் பட்டம் கிடைத்தது, கட்டடமும் கிடைத்தது. கட்டிலருகே பன்னிரண்டு மணி நேரம் நிற்பவளுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை எழுப்ப வேண்டுமானால், முதலில் அவள் செய்வது என்ன என்பதைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும்.

படுத்த படுக்கையாகிவிட்டவரைப் புரட்டுவது என்ற ஒரு காரியத்தையே எடுத்துக்கொள்வோம். நாம் தூக்கத்தில் அறியாமலே புரண்டுகொண்டிருக்கிறோம். அது நின்றுபோன சரீரத்தில், எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே சிக்கிய தோலுக்கும் சதைக்கும் இரத்தம் செல்வது தடைப்பட்டு, சில மணி நேரத்திலேயே அவ்விடம் சாகத் தொடங்குகிறது. புட்டத்துக்கு மேலே முதுகு முடியும் இடம், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், தோள்பட்டை, காதுமடல் என்று இன்ன இன்ன இடங்களில் அது வரும் என்பது ஆயாம்மாவுக்கு மனப்பாடம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது அது வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் காலம் இருக்கிறது; அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். அதிலும் நேர்ப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் முழுவதும் விழும். முதுகுப்புறம் தலையணை கொடுத்துச் சற்றே சாய்ந்த நிலையில் வைக்க வேண்டும். கட்டிலின் மேல் இழுத்து நகர்த்தினால் தோல் ஒரு திசையும் சதை ஒரு திசையுமாகப் பிரிந்து உள்ளேயே கிழியும்; தூக்கித்தான் நகர்த்த வேண்டும். விரிப்பில் ஒரு மடிப்பு இருக்கக் கூடாது. சிவந்த எலும்பு மேட்டைப் பரிவோடு தேய்த்துவிடுவது பழைய வழக்கம். அது கெடுதல் என்று இன்று மருத்துவம் சொல்கிறது. இத்தனையையும் ஆயாம்மா ஓர் இரவில் பல படுக்கைகளுக்குத் திரும்பத் திரும்பச் செய்கிறாள். அவள் செய்ததற்கு அடையாளம் ஒன்றும் இராது. புண் வராமலிருப்பதே அந்த வேலையின் பலன். வராத புண்ணை யார் காண்பார்கள்?

சோறூட்டுவதும் அப்படியே. பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டையின் இயக்கம் தளர்ந்திருக்கும். அவசரமாகப் புகட்டிய ஒரு வாய்க் கஞ்சி உணவுக் குழாயை விட்டுச் சுவாசக் குழாயில் இறங்கினால் நிமோனியா வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகையால் முதலில் நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாயைச் சற்றே தாழ்த்தி, சிறு கரண்டியால், விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்து, செயலற்ற கன்னத்தின் ஓரத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று கவனித்து, பிறகே அடுத்த கரண்டி. சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரம் சாய்க்கக் கூடாது. மூக்குக் குழாய் வழியாக உணவு செல்பவருக்கும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். ஒருவருக்கு இவ்வாறு ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகலாம். எட்டுப் பேருக்கு ஒரே ஆயாம்மா என்றால் கணக்கு எப்படி ஒத்துவரும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இவற்றைக் காட்டிலும் நுட்பமானது அவளுடைய பார்வை. 1859இல் வெளியான தமது நர்சிங் குறிப்புகளில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நோயாளியைக் கூர்ந்து கவனிப்பதையே செவிலியின் பெருங்கடமையாக வலியுறுத்தினார். ஒரகடத்து ஆயாம்மா அந்த நூலைக் கண்டிருக்கமாட்டாள். கண்டவர்களுக்குக் குறையாமல் அதை அனுஷ்டிக்கிறாள். முதியவர்களின் வியாதி இளைஞர்களின் வியாதியைப் போல் வெளிப்படையாக வருவதில்லை. மூத்திரத் தொற்று வந்தால் ஜுரம் காயாமலேயே, நேற்றுவரை தெளிவாகப் பேசிய பாட்டி இன்று திடீரென்று பிதற்றத் தொடங்குவார். பார்க்க வந்தவர்கள் அதை வயதின் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். “சிஸ்டர், பாட்டிம்மா நேத்து ராத்திரிலேர்ந்து ஒரு மாதிரியா பேசுறாங்க, யூரினும் கலரா போகுது” என்று நர்சிடம் போய்ச் சொல்பவள் ஆயாம்மா. டாக்டர் நாளொன்றுக்குச் சில நிமிஷம் அந்தப் படுக்கையருகே நிற்கிறார்; இவள் நாள் முழுவதும் நிற்கிறாள். அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொள்ளும் மருத்துவமனையில் உயிர் பிழைக்கிறது. “உன் வேலையைப் பாரும்மா” என்று சொல்லும் இடத்தில் இரண்டு நாள் தாமதமாகிறது.

இந்த வேலையின்மேல் நம் சமூகத்துக்கு உள்ளூர ஓர் அருவருப்பு இருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. மலமூத்திரத்தைத் தொடுகிறவர்கள் தாழ்ந்தவர்கள் என்ற பழைய எண்ணம், ஜாதியின் பெயரைச் சொல்லாமலே, ஆயாம்மாவுக்குத் தனி டம்ளராகவும், நாற்காலி இருந்தும் உட்காரச் சொல்லாத மௌனமாகவும் இன்றும் உயிரோடிருக்கிறது. தகப்பனாருடைய உடம்பைத் தொட்டுக் கழுவ அவளை அனுமதிக்கும் சில குடும்பங்கள், அதே கையால் அவள் தண்ணீர் மொண்டு குடிப்பதற்கு முகம் சுளிக்கின்றன. இந்தப் பிரதேசத்தில் இவ்வாறு நடப்பது மேலும் வருத்தத்துக்குரியது. 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து நூற்றிருபது பிராயம் வாழ்ந்ததாகச் சம்பிரதாயம் சொல்லும் ராமானுஜர், முதுமையிலே காவிரிக்கு நீராடப் போகும்போது அந்தணச் சீடரின் தோளைப் பிடித்துக்கொண்டு சென்று, நீராடித் திரும்புகையில் மல்லராயிருந்து அடியாரான பிள்ளை உறங்காவில்லி தாசரின் தோளைப் பற்றிக்கொண்டு வருவாராம்; சுத்தமான பின்பு இவரைத் தொடலாமா என்று கேட்டவர்களுக்கு, தாம் அந்தத் தோளைப் பற்றியதாலேயே மேலும் சுத்தி அடைந்ததாக உணர்த்தினாராம். குருபரம்பரைக் கதைகளில் இதை பக்தியின் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கோ அதில் நடை தளர்ந்த ஒரு கிழவரும், அவரைத் தாங்கிய ஒரு தோளும் முதலில் கண்ணில் படுகின்றன. தம்மைத் தாங்கியவருக்கு அந்தப் பெரியவர் பகிரங்கமாக அளித்த கௌரவத்தை, ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களாவது மறக்கலாகாது.

தோளைப் பற்றிப் பேசும்போது முதுகைப் பற்றியும் பேச வேண்டும். ஆயாம்மாக்களின் சொந்த வியாதி முதுகுவலி. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும், தாமாக அசைய முடியாத ஐம்பது அறுபது கிலோ சரீரத்தை அவர்கள் தூக்குகிறார்கள். அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, நோயாளியைக் கையால் தூக்குவதில் ஒருவர் ஏற்கக்கூடிய பாரம், நல்ல சூழ்நிலையிலும், 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோவே என்று 2007இல் வரையறுத்தது. மனித உடம்பு நழுவும், திமிறும், பயந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் என்பதே காரணம். எதிர்ச்சாரியில் உள்ள கார்த் தொழிற்சாலையில் எஞ்சினையும் கதவையும் தூக்கி நிறுத்த ஹாய்ஸ்ட் இருக்கிறது. தொழிலாளிக்குத் தீங்கு விளைக்கும் அளவுக்குக் கனமான எதையும் அவனைத் தூக்க வைக்கலாகாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 34ஆம் பிரிவில் விதித்தது. நர்சிங் ஹோம் தொழிற்சாலையன்று. ஆகவே அந்தப் பிரிவு ஆயாம்மாவின் முதுகைக் காக்கவில்லை. நைலான் துணியில் தைத்த வழுக்கு விரிப்பு ஒன்று, இடுப்பில் கட்டிப் பிடிக்கும் பட்டை ஒன்று, இரவு ஷிப்டில் துணைக்கு இன்னொரு பெண் ஆகிய மூன்றும் இருந்தால் பாதி முதுகுவலி வராது. பெரும் பணம் தேவைப்படாத இவற்றைக்கூட நான் பல இடங்களில் காணவில்லை.

அவளுடைய வீட்டுக்குப் போவோம். விடிவதற்கு முன்பே எழுந்து, குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடங்களை நிரப்பி, சோறும் ஒரு குழம்பும் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் கம்பெனிக்குப் போகும் மகளுக்கும் டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிட்டு, டவுன் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது இவளைப் போன்றவர்களின் மாத வரவில் நேரடியாகச் சேர்ந்த தொகை. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்திலே தொடங்கி வைக்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகையின் ஆயிரம் ரூபாயும் அப்படியே. இவற்றின் அருமையை, மாசக் கடைசியில் கைமாற்று வாங்கிப் பழகியவர்களே அறிவார்கள். ஆனால் அந்த பஸ் இரவு எட்டரைக்குமேல் கிராமத்துக்குப் போகாவிட்டால், ஷிப்டு முடிந்தவள் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டும், அல்லது நர்சிங் ஹோமின் வராந்தாவிலே படுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டும்.

பல ஆயாம்மாக்களின் வாழ்க்கையிலுள்ள கொடிய முரண் ஒன்று உண்டு. கூலிக்கு அவள் பிறர் தாயைப் புரட்டிப் படுக்க வைக்கும் அதே நேரத்தில், அவளுடைய மாமியாரோ தாயோ ஓலை வேய்ந்த தாழ்வாரத்தில் கோரைப்பாயின்மேல் தனியாகப் படுத்திருக்கிறாள்; பக்கத்து வீட்டுப் பெண் மத்தியானம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தால் உண்டு. புண் எங்கே வரும், எப்படித் தடுப்பது என்று இவளுக்குத் தெரியும். தெரிந்தும், தன் வீட்டில் செய்ய நேரமில்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவதோடு, படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கு வலிநிவாரணச் சிகிச்சையையும் பிசியோதெரபியையும் வாசலுக்குக் கொண்டுவர முயல்கிறது. அந்தத் திட்டத்தால் பயன் பெறும் வீடுகளில் ஆயாம்மாக்களின் வீடுகளே முதல் வரிசையில் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மனத்தின் பாரம் வேறு. மாதக்கணக்கில் “அப்பா, வாயைத் திறங்க” என்று அவள் ஊட்டிவந்த ஒரு பெரியவர் ஒருநாள் விடியற்காலையில் போய்விடுகிறார். பிள்ளைகள் வந்து அழுகிறார்கள். அழுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. அவள் விரிப்பை உருவி, கட்டிலை டெட்டால் போட்டுத் துடைத்து, ஒன்பது மணிக்கு வரும் அடுத்த நோயாளிக்கு ஆயத்தம் செய்கிறாள். ஞாபக மறதி முற்றிய சிலர் அவளைத் தங்கள் மகள் என்று கொஞ்சுவார்கள், அடுத்த நிமிஷமே திருடி என்று கூவி அடிப்பார்கள். அது வியாதியின் செயல், மனிதரின் சுபாவமன்று என்று அவளுக்கு யாரும் கற்றுத்தருவதில்லை, தானாகவே கண்டுகொள்கிறாள். உண்மையாகவே ஒரு மோதிரம் காணாமற்போனால் முதல் சந்தேகமும் அவள்மேல்தான். புத்தி தெளிவாயுள்ள ஆண் நோயாளிகளே தகாத முறையில் நடந்துகொள்வதும் உண்டு. பணியிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் வந்த சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய இடங்களிலும் வீடுகளிலும் வேலை செய்பவர்கள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். முறையிட்டால் வேலை போகுமோ என்ற பயம் சட்டத்தை விடப் பலமாக இருப்பதால், அவள் அந்தக் கட்டிலுக்குத் துணையோடு போவதையே வழியாகக் கொள்கிறாள்.

சம்பள விஷயத்தில் சட்டம் மௌனமாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் அட்டவணையில், மருத்துவமனைகளையும் நர்சிங் ஹோம்களையும் தமிழ்நாடு அரசு சேர்த்திருந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, தொழிலாளி தன் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும் முதலாளி மூன்றேகால் ரூபாயும் கட்டினால், அவளுக்கும் அவள் குடும்பத்துக்கும் வைத்தியமும், வியாதிப்பட்ட நாட்களுக்குப் படியும், பிரசவச் சலுகையும் கிடைக்கும். ஆயினும் ஆயாம்மாவின் பெயர் பெரும்பாலும் நர்சிங் ஹோமின் பதிவேட்டில் இராது. ஏஜென்சியின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். ஏஜென்சி தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்கும். ஊசி குத்திக்கொள்ளும் அபாயம் நாள்தோறும் உள்ள வேலையில், 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் மஞ்சட்காமாலை-பி, டெட்டனஸ் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போடச் சொல்கின்றன. மூன்று தவணையாக, ஆறு மாதத்தில் முடியும் காமாலைத் தடுப்பூசி தனக்கு உரியது என்பதே அறியாத ஆயாம்மாக்கள் எத்தனையோ பேர். நோயாளிகளுக்கு மத்தியில் நாளெல்லாம் நிற்கும் பெண், தனக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாளும் வருகிறாள்.

இந்தத் தாழ்நிலைக்குக் காரணம் முதலாளிகளின் பேராசை ஒன்றே என்று நான் நினைக்கவில்லை. சிறு நர்சிங் ஹோம்களில் பல மிகக் குறுகிய வரவில் நடப்பவை. நடத்தும் டாக்டரே இரவு பகலாக உழைப்பவர். அடிப்படையான பிழை, சிசுருஷை என்பது பெண்ணுக்குப் பிறவியிலேயே வந்த குணம், அதைக் கற்கவும் வேண்டாம், கற்றதற்குக் கூலி கொடுக்கவும் வேண்டாம் என்று நாம் எல்லோரும் எண்ணிவிட்டதே. ஒரகடத்தில் வெல்டருக்கு ஐ.டி.ஐ. உண்டு, தேர்வு உண்டு, தரம் உண்டு, தரத்துக்கேற்ற சம்பள உயர்வும் உண்டு. இரும்பைப் பற்றவைப்பது கலை என்று ஒப்புக்கொண்ட நாம், உயிருள்ள தோலைக் கிழியாமல் காப்பதைக் கலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. வேறு தேசங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நிஸானையும் யமஹாவையும் இப்பிரதேசத்துக்கு அனுப்பிய ஜப்பான், 1987லேயே முதியோர் பராமரிப்பாளருக்குத் தேசியத் தகுதிச் சான்று வழங்கும் சட்டத்தைச் செய்தது. 2000இல் நாற்பது வயதைக் கடந்தோர் எல்லோரும் சந்தா கட்டும் நீண்டகாலப் பராமரிப்பு இன்ஷூரன்ஸையும் ஏற்படுத்தியது. அங்கும் ஆள் பற்றாக்குறை தீரவில்லை, சம்பளத்தைப் பற்றிய முறையீடு ஓயவில்லை. ஆனாலும் அங்கே அந்த வேலைக்கு ஒரு படிப்பும் ஒரு பெயரும் உண்டு. நம் நாட்டிலும் ஜெனரல் டூட்டி அசிஸ்டெண்ட் என்றும், ஹோம் ஹெல்த் எய்டு என்றும் திறன் பயிற்சிகள் இருக்கின்றன. சில மாதங்களில் முடியும் அப்பயிற்சியைப் பெறச் சம்பளத்தை விட்டுவிட்டு உட்கார அவளால் இயலாது. பெற்று வந்தாலும் சம்பளம் உயர்வதில்லை. வேலையிலிருந்துகொண்டே, வாரத்தில் ஒரு பிற்பகல் சம்பளத்தோடு பயிற்சி, முடிவிலே அவள் இதுவரை கற்றதையும் சேர்த்துச் சோதித்து ஒரு சான்றிதழ் என்று ஏற்படுத்துவதே இவர்களுக்கு ஏற்ற வழி.

பராமரிக்கும் கைகள் போதாத இடத்தில் என்ன நேரும் என்பதைக் காஞ்சிபுரம் மாவட்டம் அறியாததன்று. 2018 பிப்ரவரியில், உத்திரமேரூரை அடுத்த பாலேசுவரத்தில் ஆதரவற்றோரும் மரணத் தறுவாயில் உள்ளோரும் தங்கியிருந்த ஓர் இல்லத்தின் வண்டியில், காய்கறி மூட்டைகளோடும் ஒரு பிரேதத்தோடும் உயிருள்ள முதியோர் ஏற்றி வரப்பட்டது வெளியே தெரிந்து, நாடே திடுக்கிட்டது. நடத்தியவர்கள் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். அதிகாரிகள் சோதனையிட்டு, அங்கிருந்த நூற்றுக்கணக்கானோரை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அப்போது எழுந்த கேள்விகள் அனுமதிச் சீட்டைப் பற்றியும் அடக்க முறையைப் பற்றியும் இருந்தன. அத்தகைய இல்லம் எதுவாயினும், அதற்குள் கால் வைக்கும் அதிகாரி முதலில் கேட்கத்தக்கது, இத்தனை படுக்கைக்கு இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், அவர்கள் எங்கே பயின்றார்கள் என்பதே என்று நான் கருதுகிறேன். சமையலறையையும் கழிப்பறையையும் பார்ப்பது போல, இரவு ஷிப்டின் வருகைப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

தகப்பனாரையோ தாயாரையோ இத்தகைய இடத்தில் சேர்த்திருக்கும் வாசகர்கள் அடுத்த முறை போகும்போது செய்யக்கூடியது உண்டு. ஆயாம்மாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவள் சொல்வதை, டாக்டர் சொல்வதைக் கேட்கும் அதே கவனத்தோடு ஐந்து நிமிஷம் நின்று கேட்கலாம். குதிகாலையும் முதுகின் அடியையும் அவளோடு சேர்ந்து பார்க்கலாம். தீபாவளிக்குப் புடவை கொடுப்பது நல்ல வழக்கம். அத்துடன், மாதக் கட்டணத்தைக் கட்டும் மேஜையிலே, இந்த அம்மாளுக்கு ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, காமாலைத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா, இரவில் இவளுக்குத் துணை யார் என்று கேட்க வேண்டும். வீட்டில் ஆள் அமர்த்தியவர்கள், வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007இல் தமிழ்நாட்டில் ஏற்பட்ட நலவாரியத்தில் அவளைப் பதிவு செய்ய உதவலாம். அறுபது வயதுக்குமேல் இந்த முதுகோடு அவளால் யாரையும் தூக்க முடியாது. அரசு 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்திய முதியோர் உதவித்தொகையைத் தவிர வேறு வரவில்லாமல் அவள் நிற்கப் போகிறாளா, அல்லது வேலை செய்த ஆண்டுகளுக்குரிய ஓய்வூதியத்தோடு நிற்கப் போகிறாளா என்பது, இன்று அவள் பெயர் எந்தப் பதிவேட்டில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.